அழகர் சொன்ன கதை

"கதைய மாத்திச் சொல்லணும் தம்பி. இன்னிக்கு ஒரு ஆட்டத்துக்கு மட்டும்."

பரிமளம் இப்படிக் கேட்டதும், கூடாரத்துக்குள் வெள்ளைத் திரையைத் தூசி தட்டிக்கொண்டிருந்த அழகர் திரும்பிப் பார்த்தான்.

இலங்கை மலைநாட்டில் பதுளைக்கு ரயில் வந்த மறு வருஷம் அது. மதுரைக் கம்பெனி ஒன்று அந்த ரயிலிலேயே பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவந்து இறக்கி, மைதானத்தில் கூடாரம் அடித்து, நாலு நாளாகப் பயாஸ்கோப் காட்டிக்கொண்டிருந்தது. படமோ பேசாது. இடையிடையே வருகிற எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அதனால் கையில் பிரம்போடு திரைக்குப் பக்கத்தில் நின்று, யாருக்கு யார் என்ன உறவு, எதற்காக அழுகிறார்கள் என்றெல்லாம் தமிழில் உரக்கச் சொல்லுவதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அழகர்.

"படத்த எப்படிம்மா மாத்துறது? ஆடுறவன் எல்லாம் வெள்ளைக்காரன்."

"படத்த யாரு மாத்தச் சொன்னா? வாய அசைக்கிறதுதான் அவங்க. பேசுறது நீதானே? நீ சொல்றதுதானே கதை!"

அழகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணிக்கடை முத்தையாவின் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இப்படி வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்கிறாள் என்றால் சும்மாவா?

"என்ன விஷயம்னு சொல்லுங்கம்மா."

பன்னிரண்டு வருஷமாகப் பரிமளம் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"என் மக வடிவு நான் பெத்த புள்ள இல்ல. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்ச ஒருத்தி, பெத்த பத்தாம் நாளே காய்ச்சல்ல போயிட்டா. தகப்பனும் இல்ல. கடைக்குத் துணி எடுக்க வந்த தோட்டத்துக் கங்காணி சொன்னாரு. சொல்லி வாய மூடுறதுக்குள்ள, நான்தான் ஓடிப் போயித் தூக்கிட்டு வந்தேன். அவளுக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது."

"ஓகோ!"

"உன் படத்துல ஒரு பையன், வளத்தவ தன்னப் பெத்தவ இல்லேன்னு தெரிஞ்சதும் வீட்ட விட்டே போயிடுறானாமே? நேத்துப் பாத்துட்டு வந்து அடுத்த வீட்டு ஜெமீலா சொன்னா. கேட்டதுலேருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. இன்னிக்கு எங்க தெருவே வருது. அவரும் டிக்கெட் வாங்கி வச்சிட்டாரு. இவள மட்டும் வேணாம்னா ஏன்னு கேக்க மாட்டாளா? படத்தப் பாத்து அவ மனசுல ஏதாச்சும் தட்டிருச்சுன்னா? ஒரே ஒரு தடவ அவ என்ன வேத்தாளா பாத்தாப் போதும் தம்பி, நான் செத்துருவேன்."

அழகர் தூசி தட்டுவதை நிறுத்தினான்.

"புள்ளைக்குப் பேரு வடிவுன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"கவலப்படாமப் போங்கம்மா. மாத்திர்றேன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று பரிமளம் எதிர்பார்க்கவே இல்லை. மகராசனா இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் கூடாரம் நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கத்துப் பாயில் வடிவு அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். திரையில் மாளிகை தெரிந்தது. பட்டுக் கவுன் போட்ட சீமாட்டி தெரிந்தாள். பையன் ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து அழுதான்.

வடிவு சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயோ, பயந்துவிட்டாளே என்று பரிமளத்துக்குப் பதறியது.

"பாருங்க ஐயா, பாருங்க!" என்று முழங்கினான் அழகர். "மாமனுக்கு உடம்பு சரியில்லேன்னு கடுதாசி வந்திருக்கு. மாமன் மேல அவ்வளவு பாசம்! இந்தப் பனியிலயும் பாக்கக் கிளம்பிட்டான்!"

பையன் பனியில் அலைந்தான், விழுந்தான், எழுந்தான். கடைசியில் ஒரு குடிசையில், கந்தல் கட்டிய சலவைக்காரியைக் கட்டிக்கொண்டு கதறினான்.

"வழி தவறிப் போன புள்ளைய இந்தப் புண்ணியவதி தேத்துறா பாருங்க! கஞ்சி குடுத்து, காலையில கூட்டிட்டுப் போயி அவன் அம்மா கையில ஒப்படைக்கிறா!"

"அடேய்!" ஆண்கள் பக்கத்திலிருந்து சுருட்டுக்கடை வீரய்யா எழுந்துவிட்டார். "நேத்து இவதான் பெத்தவன்னு சொன்னியேடா! ஒப்படைக்கிறதக் காணோமே?"

"அதுக்குள்ள பிலிம் தீந்துபோச்சு, ஐயா!"

கூடாரமே சிரித்தது. வீரய்யா விடுவதாக இல்லை. மறுபடி வாயைத் திறந்தார்.

"மாமா! நீங்கதான் நேத்தே பாத்துட்டீங்கல்ல? பேசாம உக்காருங்க, நாங்க பாக்கணும்!" என்று வடிவு போட்ட சத்தத்தில் அவர் உட்கார்ந்தே போனார்.

பரிமளத்துக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மகள் சிரித்த முகமாக அவள் தோளில் சாய்ந்திருந்தாள். பிடித்த கையை இன்னும் விடவில்லை.

ஆட்டம் முடிந்து அப்பாவும் மகளும் கடலை வாங்கப் போன சமயம், பரிமளம் அழகரிடம் ஓடினாள்.

"என் வயித்துல பால வாத்தே, தம்பி! நாளைக்குக் கடைக்கு வா. நல்ல வேட்டியா ஒண்ணு எடுத்துத் தர்றேன்."

"வேணாம்மா. ஒரே வேலைக்கு ரெண்டு கூலி வாங்குனா சாமிக்கே அடுக்காது."

"ரெண்டு கூலியா? நான் ஒண்ணுமே குடுக்கலியே!"

அழகர் தலையைச் சொறிந்தான். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு. ஆனா என் மனசு கேக்கல. காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க மக வந்து, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிட்டுப் போன சோத்த என் கையில குடுத்துட்டு, 'கதைய மாத்திச் சொல்லுங்கண்ணே, எங்கம்மா என்னப் பெத்தவங்க இல்லேங்கிறது எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க'ன்னு கேட்டுட்டுப் போயிருச்சும்மா!"