நடைமேம்பாலம் வேண்டுமா?

நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கான இருபதாண்டுத் திட்டம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். முன்வரிசை நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

“கிழக்குத் தெருவுல இருந்து ஒருத்தர்கூட வரலையா?” தலைமைப் பொறியாளர் எரிந்து விழுந்தார். “நடைமேம்பாலம் வேணும்னு மனு மேல மனுவா போட்டு உயிரை வாங்கினாங்களே!”

“வந்துடுவாங்க சார். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்,” என்றாள் உதவிப் பொறியாளரான இளம்பெண்.

“எவ்வளவு நேரம்மா பார்க்கிறது?” அவர் மைக்கை இழுத்தார். “நடைமேம்பாலம் வேணுங்கறவங்க கை தூக்குங்க!”

அரங்கில் இருந்தவர்கள் எல்லாம் காரில் வந்திறங்கியவர்கள். ஒரு கைகூட உயரவில்லை.

“தேவையில்லைன்னு எழுதிக்கோ. அக்கறை இருந்தா வந்திருக்க மாட்டாங்களா?”

அவளுக்குப் பேனா ஓடவில்லை. மனுப் போட்ட தையல்காரரைக் கைபேசியில் பிடித்தாள்.

“எங்கண்ணே இருக்கீங்க? இங்க எல்லாம் முடியப்போகுது!”

“காலையிலேயே கிளம்பிட்டோம்மா. எதிர்லதான் நிக்கிறோம். ஜன்னல் வழியா பாருங்க.”

எட்டிப் பார்த்தாள். லாரிகள் இடைவெளியே விடாமல் பறந்துகொண்டிருந்தன. சாலையின் அந்தப் பக்கம் கிழக்குத் தெருவே திரண்டு, வண்டிகளை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தது.