நடுக்குழி இட்லி

மாவில் உப்புப் போடுவதற்கு முன் ஒரு கரண்டி மாவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பது ஜெசிந்தாவின் வழக்கம். காலையில் அது இட்லித் தட்டின் நடுக்குழியில் வேகும். அந்த உப்பில்லாத இட்லி அவர்களுடைய நாய் பூச்சிக்கு. சாம்பார் கூடாது, வெங்காயச் சட்னி கூடாது என்று கணவன் அருளப்பனிடம் பலமுறை சொல்லியிருந்தாள். போன ஞாயிறு அவன் பிறந்தநாள். கேசரியில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, உலர்திராட்சையோடு கிடந்த மிச்சத்தைப் பூச்சிக்கு வைத்தான். மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர், "கிட்னி போயிருச்சு. திராட்சை ஏதும் தின்னுச்சா?" என்று கேட்டபோது ஜெசிந்தா அருளப்பனைத் திரும்பிப் பார்த்தாள். புதன்கிழமை பூச்சியைப் புதைத்தார்கள்.

இன்று காலை அவன் தட்டில் நான்கு இட்லி இருந்தன. மூன்றைச் சட்னி தொட்டுத் தின்றான். நான்காவதைப் பிட்டு வாயில் வைத்ததும் கை நின்றது. ஜெசிந்தா திரும்பாமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

சட்னியைத் தொடாமல் முழுவதையும் தின்று முடித்தான். அவள் அந்தக் கிண்ணத்தைக் கழுவி, மாவுப் பாத்திரத்தின் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.