சுவரில் கூடிய வெளிச்சம்

மலைப்பாதைத் திருப்பத்தில் என் மனைவி கிரிஜா பைக்கின் வேகத்தைக் குறைத்தாள். ஹெட்லைட் மங்கியது. பள்ளம் தெரியவில்லை. அது ஏசி லைட். எஞ்சின் ஓடும் வேகத்துக்கேற்பத்தான் எரியும்.

அவள் இறந்த பிறகும் வண்டியை விற்க மனம் வரவில்லை. அதே பாதையில் நான் போய்வர, லைட்டை டிசிக்கு மாற்றித் தரும்படி போவன்பள்ளி மெக்கானிக் எட்வினிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"இனி பேட்டரிலேர்ந்து ஒரே சீரா எரியும்ணா. டென்ஷன் நக்கோ, கவலையே வேணாம்."

புறப்படும் முன் ஆக்சிலேட்டரை முறுக்கி, எதிர்ச்சுவரில் வெளிச்சம் கூடிக் குறைவதைப் பார்ப்பது கிரிஜாவின் பழக்கம்.

எட்வின் ஒயரோடு குனிந்திருந்தான். எஞ்சின் ஓடவில்லை. புது பேட்டரி என் கையில் இருந்தது. ஒர்க்‌ஷாப் சுவரில் வெளிச்சம் கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது.

எட்வின் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"அண்ணா, ஆக்சிலேட்டர்லேர்ந்து கையை எடுக்கச் சொல்லுங்க அண்ணிய. ஒயர் இழுக்குது."