ஒரு நட்சத்திரம் போதும்

ஐந்து நட்சத்திரம் போட்ட ஏசி அதிகமாகக் குளிரும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. அது பிழை. நட்சத்திரத்துக்கும் குளிருக்கும் யாதொரு உறவும் இல்லை. அதே குளிரைக் குறைந்த மின்சாரத்தில் தருகிற இயந்திரத்துக்குக் கூடுதல் நட்சத்திரம், அவ்வளவுதான். ஓட்டல் முதலாளிகளும் வானியல் அறிஞர்களும் மன்னிக்க வேண்டும்.

இந்தப் பிழையோடுதான் தேவாலயப் பங்குப்பேரவைத் தலைவர் மிக்கேல்ராஜும் மாதர் சங்கத் தலைவி கத்தரீனாளும் கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் ஏசி வாங்க வந்து நின்றார்கள். புதிதாக வந்த பங்குச்சாமியார் ஜோஸ், கோயில் செலவில் ஓர் ஏசி கேட்டிருந்தார். அதுவும் ஐந்து நட்சத்திரம்.

"வந்து ரெண்டு மாசம் ஆகுல. அதுக்குள்ள அஞ்சு ஸ்டார் கேக்குதுங்களா அவருக்கு?" என்றாள் கத்தரீனாள். "நம்ம செபமாலையம்மா தொழிலுறப்புத் திட்டத்துல, அந்த நூறு நாள் வேலையில, வாய்க்கா வெட்டப் போயி, வெயில்ல சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரில கெடந்தா. அவளுக்கு ஆரு ஏசி போட்டா?"

"மெல்லப் பேசுங்க. கடைக்காரரு சிரிக்கறாரு."

கடைக்காரர் ஜோமோன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு விளக்க ஆரம்பித்தார்.

"ஸ்டார் கூடுனா கரண்டு கொறையுமுங்க."

"அப்ப பில்லுக்குப் பயப்படறவங்களுக்குத்தான் அஞ்சு ஸ்டாரா?" என்றார் மிக்கேல்ராஜ்.

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்கு அதுக்கு வெலை கூட?"

ஜோமோன் பக்கத்திலிருந்த ஏசியைத் தட்டிக் காட்டினார். "உள்ள சாமான் நல்ல சாமானுங்க."

"அதாவது, கையில காசு இருக்கறவந்தான் காசு மிச்சம் புடிக்க முடியும்."

"அப்படியும் வெச்சுக்கலாமுங்க. அது எத்தனை நேரம் ஓடும்னு சொல்லுங்க. தெனமும் ஓடுனா அஞ்சு எடுங்க. எப்பவாச்சும்னா மூணு போதும்."

"சாமியார் தெனமும் ஏசியில படுத்திருந்தா பூசை ஆரு வெக்கறது?" என்றாள் கத்தரீனாள்.

"இன்னொண்ணுங்க. ஸ்டார் போட்ட ஸ்டிக்கர்ல வருசமும் பாக்கோணும். சட்டம் மாறுனா பழைய அஞ்சு, நாலாயிரும்."

"நட்சத்திரம் உதிருமுங்களா?" என்றார் மிக்கேல்ராஜ்.

"மிசின் அதேதானுங்க. மார்க்கு போடறதுதான் இன்னும் கண்டிப்பாயிருது."

கடைக்குள் நாலு பக்கமும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மிக்கேல்ராஜுக்கு வியர்த்தது.

"இந்தக் கணக்கெல்லாம் நமக்கெதுக்குங்க?" என்றாள் கத்தரீனாள். "மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருக்கே மொத்தம் ஒரே ஒரு நட்சத்திரந்தான். அதை வெச்சே மூணு ராசாக்க வந்து சேரலீங்களா? சாமியாருக்கு மட்டும் எதுக்கு அஞ்சு?"

வந்ததிலிருந்து மிக்கேல்ராஜுக்குப் புரிந்த முதல் வாக்கியம் அது.

"ஒரு ஸ்டார் இருக்குதுங்களா?"

"பழைய சரக்கு ஒண்ணு உள்ள கெடக்குதுங்க. ஆனா கரண்டு..."

"அதையே எடுங்க. எளிமை சாமியாருக்கும் வேணும்."

மறுநாள் காலை ஜோமோனே பெட்டியோடு கோயிலுக்கு வந்தார். கத்தரீனாளும் வந்திருந்தாள். மிக்கேல்ராஜ் ஏணியைத் தூக்கிக்கொண்டு சாமியார் அறைக்குள் நுழையப் போனார்.

"இங்கே இல்லைங்க, பின்னாடி" என்றார் ஜோஸ் சாமியார்.

எந்த அறைக்கு என்று அதுவரை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

கோயிலுக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளைகள் ஞானோபதேசம் படிக்கிற அறை. பெஞ்சுகளை ஓரம் தள்ளி, வரிசையாகப் பாய் விரித்திருந்தது. மூலையில் இரண்டு பானைத் தண்ணீர்.

"மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் வெயில்ல வேலை செய்யக் கூடாதுன்னு கவர்மெண்டு சொல்லிருச்சு. எங்கே போய் இருக்கணும்னு சொல்லலை. நம்ம ஆளுங்க வீடு பாதி தகர ஷீட்டு. உள்ளே இருக்கிறதுக்கு வெயிலே மேல். அதான் இங்கே வந்து படுக்கட்டும்னு நினைச்சேன்."

பிறகுதான் அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"ஒண்ணுதானா?"

மிக்கேல்ராஜ் ஏணியைச் சுவரில் சாய்த்தார். அது சரியாக நிற்கவில்லை என்று மறுபடியும் சாய்த்தார்.

"தினமும் ஓடும். கரண்டு பில்லை என் கைக்காசுல கட்டுறதா நினைச்சிருந்தேன். அதனாலதான் அஞ்சு கேட்டேன்" என்றார் சாமியார். "போகட்டும். குளிருமில்லையா?"

"குளிர் எல்லாத்துலயும் ஒண்ணுதானுங்க, சாமி" என்றார் ஜோமோன்.

"அப்ப மாட்டுங்க."

கத்தரீனாள் ஸ்டிக்கர் இருந்த பக்கத்தை முந்தானையால் துடைத்தாள். அதில் தூசி ஏதும் இல்லை.

அன்று மத்தியானம் முதல் பாயில் செபமாலையம்மாள் வந்து படுத்தாள்.

முதல் கரண்டு பில் வந்த மறுநாளிலிருந்து சாமியார் அறையில் ஃபேன் ஓடவில்லை.