சட்டி கழுவும் தண்டனை

பரிபூரணம் டீச்சர் தான் சாப்பிட்ட தூக்குச்சட்டியை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்துக் கழுவி வரச் சொன்னதை, புது ஹெட்மாஸ்டர் தேவஇரக்கம் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செட்டியார்பட்டிப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த அன்றைக்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: தண்ணி எடுக்க, விறகு பொறுக்க, கால் அமுக்க என்று எந்த வாத்தியாரும் பிள்ளைகளை ஏவக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். இந்த அம்மாளும்தான் ஆட்டினார்.

"டீச்சர், அந்தப் பிள்ளை எங்கே போகுது?"

"கிணத்தடிக்கு, சார். சட்டி கழுவ."

ஒளிவு மறைவே இல்லை.

"உங்க சட்டியை நீங்க கழுவுனா என்ன?"

"இது தண்டனை, சார். ஏழாம் வாய்ப்பாடு சொல்லலே."

போன பிள்ளை சீக்கிரத்தில் திரும்பவில்லை. ஒரு சட்டியைக் கழுவ இம்புட்டு நேரமா? வந்ததும் ஹெட்மாஸ்டர் அவளை நிறுத்தினார். ஆவுடையம்மாள் என்று பேர் சொன்னாள். ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். மூச்சு விடாமல் சொல்லி முடித்து, கேட்காமலே எட்டாம் வாய்ப்பாட்டையும் ஆரம்பித்தாள்.

"போதும், போ."

மறுநாள் மத்தியானமும் அதே சட்டி, அதே பிள்ளை.

"இன்னைக்கு என்ன தப்பு, டீச்சர்?"

"நகத்துல அழுக்கு, சார்."

பார்த்தார். வகுப்பிலேயே சுத்தமான கை அதுதான். சொன்னால் வெட்கக்கேடு, அவர் கையைவிடச் சுத்தம்.

அதற்கும் மறுநாள் கேட்டபோது, "சிரிச்சா, சார்" என்றார் டீச்சர்.

"சிரிச்சது ஒரு குத்தமா?"

"சத்தமாச் சிரிச்சா."

தேவஇரக்கம் பொறுமைசாலி என்று அவர் சம்சாரம்கூடச் சொன்னதில்லை. கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, சட்டியை அங்கனயே வச்சுட்டு வகுப்புக்குப் போ. இனிமே அதைத் தொடப்படாது."

ஆவுடை சட்டியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"டீச்சர், நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். அவ அப்பன் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போயிட்டான், கேக்க ஆளில்லைன்னுதானே இவளையே பிடிச்சு வச்சிருக்கீக? உழுது பிழைக்குற சம்சாரி வீட்டுப் பிள்ளை எச்சிச் சட்டி கழுவுதுன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா, நாளைக்கு ஒரு பிள்ளை இங்க வருமா?"

டீச்சர் குனிந்து, பிள்ளை வைத்துவிட்டுப் போன சட்டியை எடுத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை மிஷன் மானேஜர் ஐயாவைப் பாக்கப் போறேன். வேலை போச்சுன்னா பொறவு என்னைக் குத்தம் சொல்லப்படாது. அந்தப் பிள்ளை அப்படி என்னதான் செஞ்சுது? அதையாவது சொல்லுங்க."

பரிபூரணம் டீச்சர் புருஷனை இழந்தவர். ராஜபாளையத்தில் கண் தெரியாத மாமியார் இவர் சம்பளத்தை நம்பித்தான் இருந்தாள். அது தேவஇரக்கத்துக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு தூரம் வாயைப் பிடுங்கினார்.

"பொல்லாத பிள்ளை, சார்" என்றார் டீச்சர். அதற்கு மேல் பிடிகொடுக்கவில்லை.

மறுநாள் காலை, மணியடிக்கும் முன்னாலேயே பள்ளிக்கூட வாசலில் ஒரு பொம்பிளை நின்றாள். கூடவே அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை.

"நான் ஆவுடைக்குத் தாயி. சீனியம்மா. பெரிய வாத்தியாரய்யா நீங்கதானே?"

வந்துவிட்டது வினை என்று நினைத்துக்கொண்டார். டீச்சரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். காதால் கேட்கட்டும்.

"ஒண்ணும் கவலைப்படாதீகம்மா. நேத்தோட நிறுத்திப்போட்டேன். இனிமே உங்க மக சட்டி கழுவ மாட்டா."

"அதைக் கேக்கத்தான் வந்தேன்யா. ஏன் நிறுத்துனீக?"

தேவஇரக்கத்துக்குப் புரியவில்லை.

"மழையில்லே, பருத்தி எடுக்க யாரும் கூப்பிடுறதில்லே. வீட்டுல ராத்திரிக்கு மட்டுந்தான் கஞ்சி. எம்மக ரோசக்காரி. பசிச்சுச் செத்தாலும் சும்மா குடுத்தா வாங்க மாட்டா. டீச்சரம்மா அவிய சாப்பாட்டுல பாதியைத் தொடாம சட்டியோட குடுத்து, 'இது உனக்குத் தண்டனை, ஒரு பருக்கை கீழ கொட்டாமத் தின்னு தீத்துட்டுக் கழுவிக் கொண்டா'ன்னு அனுப்புதாக. தண்டனைன்னதாலதான் திங்கா. நேத்து வெறும் வயித்தோட வந்து படுத்துட்டாய்யா."

தேவஇரக்கம் டீச்சர் பக்கம் திரும்பினார். டீச்சர், திருடி அகப்பட்ட மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இந்த அம்மாளையா வேலையை விட்டு அனுப்பப் பார்த்தோம் என்று அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

பிறகு கீழே பார்த்தார். சேலைக்குப் பின்னாலிருந்து அந்தச் சின்னப் பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. குச்சிக் கை, குச்சிக் கால்.

"இது யாரு?"

"சின்னவ. இங்கதான் ஒண்ணாங் கிளாஸு. இவளுக்குத் தண்டனை ஒண்ணும் கிடையாதுய்யா. நல்ல பிள்ளையாம்."

"யார் சொன்னது நல்ல பிள்ளைன்னு?" தேவஇரக்கம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "ஹெட்மாஸ்டரையே முறைச்சுப் பாக்குது. டீச்சர், இன்னைக்கு மத்தியானத்துலருந்து இவ என் சட்டியைக் கழுவட்டும்."