காலிக் கொக்கி

"சட்டைப்பையில இன்னொரு தடவை பாருங்க மாமா."

"பாத்துட்டேன் மாப்ள. இல்ல."

"பேன்ட்ல?"

"அதுலயும் இல்ல."

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். மாமனார் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சாவிப் பலகையைப் பார்த்தபடி நின்றார். எல்லாக் கொக்கியிலும் சாவி தொங்க, அவருடைய கொக்கி மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி காலியாக இளித்தது.

பூமிக்கு அடியில், நாலு மாடி உயரத்துக்கு நிற்கிறது அந்தத் துகள் பிடிக்கும் கருவி. பழுது பார்க்கக் கீழே இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு சாவியை எடுத்துப் போக வேண்டும். ஏறி வந்ததும் மாட்டிவிட வேண்டும். எல்லாச் சாவியும் வந்தால்தான் கதவு பூட்டும். கதவு பூட்டினால்தான் ராட்சதக் காந்தத்தைப் போடலாம். காந்தம் போட்டால்தான் துகள்களை உள்ளே விடலாம். ஒரு சாவி குறைந்தால், ஓர் ஆள் இன்னும் கீழே இருப்பதாக அர்த்தம். பிரபஞ்சம் எப்படிப் பிறந்தது என்று கண்டுபிடிக்கக் கட்டிய இடம், ஒரு சாவி எங்கே போனது என்று கண்டுபிடிக்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தது.

தொலைபேசி அலறியது. துகள்களை அனுப்பும் பிரிவிலிருந்து.

"என்னப்பா பண்றீங்க அங்க? எல்லாம் தயாரா வாசல்ல வந்து நிக்குது. உள்ள விடலாமா, திருப்பி அனுப்பட்டுமா?"

"ஒரு அஞ்சு நிமிஷம் சார்... சின்னப் பிரச்சினை" என்று வழிந்தார் மாப்பிள்ளை. ஷிஃப்ட் தலைவராக அவருக்கு இன்றுதான் முதல் நாள். அதைப் பார்க்கவென்றே இயக்குநர் காலையிலிருந்து கட்டுப்பாட்டு அறையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மாமனாரோ அங்கே தலைமை எலக்ட்ரீஷியன். ஊருக்கெல்லாம் ஒழுங்கு கற்றுக் கொடுக்கிறவர்.

திரைகளைக் கவனிக்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

"ஏன் சார், ஒரு ஹேர்பின்னோட கீழ போயிட்டேன்னு எனக்கு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? 'இரும்பை உள்ள விட்டுட்டு வந்தா, காந்தம் போட்டதும் குண்டு மாதிரி பறந்து எல்லாத்தையும் கிழிச்சிடும்மா, அன்னிக்கே வேலை போயிடும்'னு. சாவிக்கு என்ன சார் தண்டனை?"

மாமனாருக்குக் காது மடல் சுட்டது.

"சும்மா இரும்மா" என்ற மாப்பிள்ளைக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் குடையை மறந்தா, கண்ணாடியை மறந்தா, 'கழுத்தோட ஒட்டி இருக்கறதால தலை தப்பிச்சுது மாப்ள'ன்னு சொல்வீங்களே மாமா. இன்னிக்கு உங்க பொண்ணுகிட்ட மொத வேலையா இதைத்தான் சொல்லப் போறேன்."

அறை முழுக்கச் சிரித்தது. மாமனாரும் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை.

இயக்குநர் கட்டிய கையை அவிழ்த்தார். சிரிப்பு நின்றது.

"உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல. இவ்வளவு பேரும் உங்க ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டு இருக்கோம்."

"தப்புதான் சார். கீழதான் எங்கயாவது விழுந்திருக்கும். நானே போய்த் தேடி எடுத்துட்டு வந்துடறேன்."

"போங்க. ஆனா இதுதான் கடைசி. இனிமே உங்களுக்குக் கீழ போற வேலை கிடையாது. மேலயே உக்காந்து சுவிட்சைப் பாத்துக்குங்க."

அந்தக் கருவியின் முதல் ஒயரை இழுத்தவர் அவர். பெற்ற பெண்ணைக்கூட அவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொண்டதில்லை என்று வீட்டில் ஒரு புகார் உண்டு. என்னவோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இந்த மனிதர் எனக்குச் சொந்தமில்லை என்பது போல.

"சரி சார்" என்றார்.

காவலர் கதவருகே நிற்க, வகுப்புக்கு வெளியே முட்டி போடப் போகும் பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு தனியாக இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க ஏறி வந்து சாவியைத் தூக்கிக் காட்டினார்.

கைதட்டல். நல்ல கைதட்டல் இல்லை.

"எங்க சார் இருந்துச்சு?"

"படிக்கட்டுக்குக் கீழ."

"கயிறு கட்டிக் கழுத்துல மாட்டிக்குங்க சார், மாட்டுக்கு மணி மாதிரி!"

இந்த முறை மாப்பிள்ளைதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அதுதான் மாமனாருக்குச் சுருக்கென்றது.

சாவி கொக்கியில் ஏறியது. கதவு பூட்டியது. காந்தம் உறுமியது. கொஞ்ச நேரத்தில் திரைகளில் வண்ணக் கோடுகள் மத்தாப்பாகச் சிதற, இயக்குநர் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார்.

"முதல் ஷிஃப்ட்டுலயே பிரமாதமா சமாளிச்சீங்க. உங்களை மாதிரி கவனமான ஆளுங்கதான் எனக்கு வேணும்."

யாரும் பார்க்காதபோது மாமனார் நழுவி, கருவிகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சட்டைக்குள் இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை உருவினார். முதல் தடவை ஏறி வந்து சாவியை மாட்டப் போன நேரத்தில்தான், மாப்பிள்ளையின் இடுப்புப் பட்டையில் அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததைப் பார்த்திருந்தார். காலையில் பழுது பார்க்க இறங்கியபோது காந்தத்துக்குப் பக்கத்திலேயே அதை வைத்துவிட்டு வந்திருந்தார் கவனமான மாப்பிள்ளை. இப்போது ஆணியில் தொங்கிய மாப்பிள்ளையின் பட்டையில் அதைப் பழையபடி சத்தமில்லாமல் செருகினார்.

பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார். அத்தனை நேரமும் அதற்குள் ஒளித்து வைத்திருந்த சாவியின் பல் தடம் நெற்றியில் பதிந்திருந்தது. மாப்பிள்ளை பார்ப்பதற்குள் அது மறைய வேண்டுமே என்று தேய்த்துக்கொண்டே இருந்தார்.