எட்டாம் வகுப்பில் வேண்டாம்

"நாளைக்கு அந்தப் பாடம் உங்க வகுப்புல வேண்டாம் டீச்சர்" என்றார் தலைமையாசிரியர் நவநீதன்.

சசிரேகாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

அவளுடைய எட்டாம் வகுப்பு மாணவி ராஜகுமாரியைப் பிள்ளைகள் 'சிலோன் அகதி' என்று கேலி செய்ததில், அவள் ஒரு வாரமாகப் பள்ளிக்கே வரவில்லை. அவளுடைய அம்மா வீரம்மாவை வகுப்புக்கு அழைத்து, வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், பிறகு திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களின் கதையைச் சொல்ல வைக்க ஏற்பாடு செய்திருந்தாள் சசிரேகா.

"ஏனுங்க சார், புத்தகத்துல இல்லாத பாடம்னா?"

அறையில் உட்கார்ந்திருந்த பெற்றோர் சங்கத் தலைவர் நல்லசாமி குறுக்கிட்டார். சொந்தமாகத் தேயிலை போட்டிருப்பவர்.

"பச்சை இலைக்கு விலையே இல்லீங்க. குன்னூர்ல ஃபேக்டரி ஒவ்வொண்ணா மூடறாங்க. உள்ளூர்க்காரனுக்கே வேலையில்லாதப்ப, வந்தவங்க கதைக்குப் பாடம் ஒரு கேடா?"

நவநீதன் குனிந்து மேசையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினார்.

"பயந்துட்டீங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள் சசிரேகா.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம். பள்ளி முழுவதும் மைதானத்தில் நின்றது. மேடையில் நவநீதனுக்குப் பக்கத்தில் வீரம்மா. முன்னால் போட்ட விருந்தினர் நாற்காலியில் நல்லசாமி. எட்டாம் வகுப்பு வரிசையில் ராஜகுமாரி.

சசிரேகா திகைத்துப்போனாள்.

வீரம்மா பேசத் தொடங்கினாள்.

"கப்பல் ஏறும்போது எனக்குப் பத்து வயசு. அங்க என்னை இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரிங்கிறாங்க. எந்த ஊருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா இந்த மலையில காட்டை வெட்டித் தேயிலை நட்டவங்கள்ல எங்கப்பா அம்மாவும் உண்டு. அந்தச் செடி இன்னும் துளிர்க்குது. அந்த மண்ணுலதான் அவங்களைப் புதைச்சிருக்கோம். அப்ப இது எங்க ஊருதானே?"

ஆறாம் வகுப்பு வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு மைதானமே தட்டியது. ராஜகுமாரி நிமிர்ந்து நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லசாமி கொஞ்சம் தாமதித்தார். பிறகு எழுந்து நின்றே தட்டினார்.

இறங்கி வந்த வீரம்மா சசிரேகாவிடம் சொன்னாள்: "நேத்து பொழுது சாய சாரே எங்க லயத்து வீட்டுக்கு வந்து, நானும் புள்ளையும் வரணும்னு கூப்பிட்டாருங்க டீச்சர்."

சசிரேகா நவநீதனைத் தேடிப் போனாள்.

"எங்கிட்ட வேண்டாம்னீங்களே சார்?"

"உங்க வகுப்புல வேண்டாம்னுதானுங்க சொன்னேன். அந்தப் புள்ளையைக் கேலி பண்ணினவங்க எல்லா வகுப்புலயும் இருக்கறப்ப, பாடத்தை மட்டும் ஒரு வகுப்புக்குள்ள பூட்டி வைக்கலாமா டீச்சர்?"